ஒரே கடற்கரை, வெவ்வேறு கணக்கு

தமிழ்நாட்டு அரசு நாள்தோறும் வெளியிட்டுவந்த கொரோனா அறிக்கைகளின் கடைசிக் கட்டத்தில் தூத்துக்குடி மாவட்டத்தின் மொத்தத் தொற்று ஏறத்தாழ 65,000. மன்னார் வளைகுடாவைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரம் 25,000-ஐ எட்டவில்லை. கோயம்புத்தூரோ மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தை ஒட்டி நின்றது. 2011 மக்கள்தொகையால் வகுத்தால் கோவையில் நூற்றுக்குப் பத்துப் பேர், தூத்துக்குடியில் நான்கு பேருக்குச் சற்றுக் குறைவு, ராமநாதபுரத்தில் இரண்டு பேர்கூட இல்லை. ஒரே அரசு, ஒரே ஊரடங்கு, ஏறக்குறைய ஒரே மருத்துவ அமைப்பு. பிறகு ஏன் இந்த ஏற்றத்தாழ்வு?

இதற்குக் கடற்கரையில் கிடைக்கும் உடனடிப் பதில்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. வெயிலில் கிருமி நிற்காது, உப்புக்காற்றுப் பட்ட உடம்பு தாங்கும், மீனும் கருப்பட்டியும் சாப்பிடுகிறவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம். இவற்றைச் சொல்பவர்கள் தங்கள் ஊர்மேல் உள்ள பாசத்தால் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கரைக்குக் கொள்ளைநோய் புதிதல்ல. வாந்திபேதி, பிளேக், இன்ஃபுளூயன்சா, கொரோனா என்று ஒவ்வொன்றும் இங்கே ஒரு சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. நோய் எந்த வாசல் வழியாக வந்தது? வந்த இடம் அதற்கு என்ன வசதி செய்து கொடுத்தது? கடைசியாக, அதை யார், எப்படி எண்ணினார்கள்? மூன்றாவது கேள்வியைத்தான் நாம் மிகக் குறைவாகக் கேட்கிறோம். கொரோனா காலத்து மாவட்ட வேறுபாடுகளில் ஒரு பெரிய பங்கு அதில் இருக்கிறது என்பது என் முடிவு.

முத்துக்குளிப்பிலிருந்து தொடங்கலாம். குளிப்பு நடக்கும் பருவத்துக்குச் சலாபம் என்று பெயர். கடலடிச் சிப்பித் திட்டுகளான பார்களில் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று சோதித்து அரசு நாள் குறிக்கும். அறிவிப்பு வந்ததும் ஆளரவமற்ற மணல்வெளி சில வாரங்களுக்குள் ஒரு நகரமாகிவிடும். 1905-இல் இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்துக்குச் சுமார் 40,000 பேர் வந்தார்கள். தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம், யாழ்ப்பாணம், அரபுக் கரை எனப் பல திசைகளிலிருந்து குளியாட்களும் கயிறு பிடிப்பவர்களும் தோணிக்காரர்களும் சிப்பி ஏலம் எடுக்கும் வியாபாரிகளும் வட்டிக்குப் பணம் கொடுப்பவர்களும் சோற்றுக்கடைக்காரர்களும் ஓலைக் குடிசைகளில் நெருங்கிக் கிடந்தார்கள். எடுத்த சிப்பியை உடனே உடைத்து முத்தெடுப்பதில்லை. குவித்துவைத்துப் பல நாள் வெயிலில் அழுகவிடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்றபின் மிச்சத்தைக் கடல்நீரில் அலசி முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்துக்கு நடுவே, குடிநீர் அரிதான மணலில், போதிய கழிப்பிட வசதி இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

அங்கே வாந்திபேதி தலைகாட்டினால் சலாபம் பாதியில் நிற்கும். நின்றதும் கூட்டம் கலைந்து படகேறும். நோயும் அவர்களோடு ஊர்களுக்குப் போகும். அதிகாரிகள் சிப்பியின் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாகக் கவலைப்பட்டது இதற்குத்தான். இந்த முகாமில் இருந்தவர்களின் உடல்வாகு, சாப்பாடு, தட்பவெப்பம் எதுவும் வீட்டிலிருந்தபோது இருந்ததிலிருந்து பெரிதாக மாறவில்லை. மாறியது நெருக்கமும் தண்ணீரும்தான். ஒரே மனிதர்கள், ஒரே கடல், ஒரே ஆண்டு. ஆனாலும் முகாமில் ஒரு விகிதம், ஊரில் வேறொரு விகிதம். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி வரிசைக் குளிப்பு. அதற்குப் பிறகு இந்தக் கரையில் சலாபம் கூடவில்லை. ஆனால் ஒரு பகுதியின் நோய் விகிதம் அந்த நேரத்து வாழ்க்கை ஏற்பாட்டிலிருந்து பிறக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

வாசல் பற்றிய கேள்விக்கும் தூத்துக்குடியிலேயே விடை உண்டு. 1876-இல் ரயில் பாதை தூத்துக்குடி வந்து சேர்ந்த பிறகு, கொழும்புக்குக் கப்பலேறுபவர்களுக்கு இதுவே முக்கியமான துறையாக இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் அதற்கு முன் பெரும்பாலும் வடபாதையில், மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். அந்த வழியெங்கும் வாந்திபேதியில் செத்தவர்களின் கணக்கு முழுமையாக யாரிடமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிளேக் அச்சம் வந்ததும் அந்தப் பாதை மூடப்பட்டு, எல்லோரும் தூத்துக்குடி வழியாகவே போக வேண்டும் என்றானது. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி வரும் ரயில் பாதையில் உள்ள தட்டப்பாறையில் இலங்கை அரசின் சார்பில் தனிமைப்படுத்தும் முகாம் இருந்தது. தொழிலாளர்களைச் சில நாள் அடைத்துவைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள். கொழும்பில் இறங்கியதும் ராகமையில் இன்னொரு முகாம்.

1914 பிப்ரவரியில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்து தொடங்கியது. போட் மெயில் ரயிலின் பயணிகள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். தொழிலாளர் முகாமும் மண்டபத்துக்குப் போனது. இந்த மாற்றம் நான்கே ஆண்டில் ஒரு கொள்ளைநோயின் வரைபடத்தில் தெரிந்தது. 1918-19 இன்ஃபுளூயன்சாவில் இலங்கை ஏறத்தாழ மூன்று லட்சம் பேரை, அதாவது மக்கள்தொகையில் 6 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களை இழந்தது என்பது பின்னாளைய ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்தச் சாவுகள் தீவு முழுக்க ஒரே நேரத்தில் உச்சம் தொடவில்லை. வடக்கில் 1918 அக்டோபர், நவம்பரில். தெற்கில் 1919 மார்ச்சில். கொழும்புத் துறைமுகம் ஒரு வாசலாகவும் தலைமன்னார் இன்னொரு வாசலாகவும் இருந்திருக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புதிதாகத் திறந்த ஒரு கப்பல் வழி, நோய் முதலில் எந்த மாவட்டத்தைத் தொடும் என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

இந்தியாவுக்குள்ளும் 1918 எல்லா இடத்தையும் ஒரேபோல அடிக்கவில்லை. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் பேரழிவைக் கண்டன. சென்னை மாகாணத்தின் இழப்பு அவற்றைவிடக் குறைவு, வங்காளத்தின் இழப்பு இன்னும் குறைவு. மாவட்ட வாரியான இறப்புப் பதிவுகளை எடுத்து சித்தார்த் சந்திராவும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு, நோய் மேற்கிலிருந்து கிழக்கே நகர நகர அதன் வேகமும் கொடுமையும் தணிந்ததைக் காட்டியது. 1918-இல் பருவமழை பொய்த்து மேற்கிலும் நடுவிலும் பஞ்சம் நிலவியதும் அங்கே இறப்பைக் கூட்டியது. நோய் பிந்தி வந்து சேர்ந்த ஊர் தப்பித்தது என்றால், அந்த ஊர்க்காரர்களின் சாமர்த்தியம் அதில் எவ்வளவு, நாட்காட்டியின் தயவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இனி பிளேக். இந்த வரலாற்றில் நான் மிக விரும்பிப் படித்த பகுதி இதுதான். 1896-இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் கால் நூற்றாண்டுக்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பஞ்சாபும் பம்பாயும் காலியாயின. தமிழகத்தில் கோவை, சேலம் பக்கம் அது பலமுறை வந்தது. கோவையில் இன்றும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த நாட்களின் அடையாளம். ஆனால் சென்னை நகரத்திலும் தெற்குக் கரையோரத்திலும் அது வேர்விடவில்லை. பம்பாயிலிருந்து வரும் கப்பலும் ரயிலும் இங்கேயும் வந்தன. எலிகளுக்கும் பஞ்சமில்லை. தானியக் கிடங்குகள் நிறைந்த துறைமுக ஊர்களில் பிளேக் ஏன் நிலைகொள்ளவில்லை?

விடை எதிர்க்கரையில், கொழும்பில் கிடைத்தது. கொழும்பு மாநகராட்சியில் நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்த ஃபேபியன் ஹெர்ஸ்ட் எலிகளைப் பிடித்து, அவற்றின் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகளைச் சீவி எடுத்து, உருப்பெருக்கியில் வைத்து ஒவ்வொன்றாக இனம் பிரித்தார். எலித் தெள்ளு எல்லாம் ஒரே இனம் என்றுதான் அதுவரை பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். செனோப்சில்லா ஆஸ்டியா என்ற இனம் தனி என்பதே 1911-இல்தான் விவரிக்கப்பட்டது. கொழும்பு எலிகளில் ஹெர்ஸ்ட் கண்டது இந்த ஆஸ்டியாவைத்தான். சென்னை எலிகளிலும் அதுவே. பம்பாய், பஞ்சாப் எலிகளில் இருந்தது அதன் நெருங்கிய உறவான கியோப்பிஸ். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் எலியிலிருந்து மனிதனுக்குப் பிளேக்கைக் கடத்துவதில் கியோப்பிஸ் கெட்டிக்காரப் பூச்சி, ஆஸ்டியா மந்தமானது. வெப்பமான கடலோரச் சமவெளி ஆஸ்டியாவுக்கு ஏற்ற இடம், சற்றுக் குளிர்ந்த உயர்நிலம் கியோப்பிஸுக்கு.

1914-இல் கொழும்பில் பிளேக் வந்தபோது ஹெர்ஸ்டின் கருத்து சோதனைக்கு உள்ளானது. நோய் நகரம் முழுக்கப் பரவவில்லை. தானியக் கிடங்குகளைச் சுற்றியே கனன்றது. அந்தப் பகுதி எலிகளை மறுபடி சீவிப் பார்த்தபோது, தானியச் சரக்கோடு வந்து குடியேறிய கியோப்பிஸ் அங்கே இருந்தது. ஒரு நகரத்துக்குள்ளேயே இரண்டு பகுதிகளின் நோய் விகிதம் ஏன் வேறுபட்டது என்பதற்கு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி விடை சொன்னது. தென்கரை தப்பியதற்கு மக்களின் ஒழுக்கமோ சுத்தமோ அரசின் கெடுபிடியோ முதன்மைக் காரணமல்ல. ஆனால் அந்த ஆண்டுகளில் அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து சோதித்ததும், பயணிகளை ரயிலிலிருந்து இறக்கி உடைகளைக் கொதிநீரில் போட்டதும் எவ்வளவு அவமானம் தந்தன என்பதை நாம் மறக்கக் கூடாது. காரணம் தெரியாதபோது கெடுபிடியின் சுமை ஏழைகளின் தலையில்தான் இறங்குகிறது.

கொரோனாவுக்கு வருவோம். 2020 ஜூன் 2-ஆம் தேதி கொழும்பில் சிக்கியிருந்த 685 பேரோடு ஐஎன்எஸ் ஜலஷ்வா கடற்படைக் கப்பல் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் வந்து நின்றது. ஐந்து நாள் கழித்து மாலத்தீவிலிருந்து 700 பேர். ஜூலை 1 அன்று ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேர். அவர்களில் பெரும்பாலோர் அங்கே மீன்பிடி வேலைக்குப் போய் மாதக்கணக்கில் தவித்த நம் மீனவர்கள். கப்பலிலிருந்து இறங்கியவர்களைச் சோதித்து, பேருந்துகளில் ஏற்றி, அவரவர் மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். கடல் வாசல் இப்படிக் காவலோடு திறந்தது. ஆனால் தொற்று அதிகம் வந்தது தரை வழியில்.

மே மாதத்தில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் எண்ணிக்கை ஏறியபோது, தொற்று கண்டவர்களில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்திலிருந்து திரும்பியவர்கள். மும்பை தாராவியில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களில் நெல்லை, தூத்துக்குடிக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் மிகுதி. இ-பாஸ் வாங்கி, வேன் பிடித்து, கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு ஊர் வந்தார்கள். அதே வாரங்களில் அரியலூரும் கடலூரும் தவித்தது வேறொரு காரணத்தால். சென்னை கோயம்பேடு சந்தையில் வேலை செய்தவர்கள், மே 5-ஆம் தேதி சந்தை மூடப்படும் தறுவாயில் தங்கள் ஊர்களுக்குத் திரும்பியிருந்தார்கள். ஒரு மாவட்டத்தின் முதல் அலை எந்த உருவத்தில் வரும் என்பதை, அந்த மாவட்டத்து ஏழைகள் எந்த நகரத்தில் பிழைக்கிறார்கள் என்பது முடிவு செய்தது.

வந்தவர்கள் எல்லோரும் நோயைப் பரப்பவில்லை என்பது இன்னொரு செய்தி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொற்றாளர்களின் தொடர்புகளைத் தேடிப் பிடித்த களப்பணியாளர்களின் பதிவேடுகளை வைத்து ரமணன் லட்சுமிநாராயணனும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2020-இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஏறக்குறைய 85,000 தொற்றாளர்கள், அவர்களோடு பழகிய ஐந்தே முக்கால் லட்சம் பேர். உலகில் அப்போது இவ்வளவு பெரிய தொடர்பறியும் ஆய்வு வேறில்லை. நம் கிராமச் செவிலியர்களும் சுகாதார ஆய்வாளர்களும் வெயிலில் அலைந்து எழுதிய பதிவேடுகள் அவை என்பதை நான் பெருமையோடு குறிப்பிடுகிறேன். தொற்றியவர்களில் பத்தில் ஏழு பேருக்கு, அவர்கள் வழியாகத் தொற்றிய ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. மீதி மூன்று பேரில் சிலர் பலருக்குக் கொடுத்தார்கள். ஆகவே தொடக்க நாட்களில் தற்செயலுக்குப் பெரிய இடம் உண்டு. பத்துத் தொற்றாளர்கள் வந்திறங்கிய ஊரில் ஒன்றும் நடக்காமல் போகலாம். ஒரே ஒருவர் வந்த ஊர் பற்றி எரியலாம். இரண்டு மாதத்து எண்ணிக்கையை வைத்து ஒரு மாவட்ட ஆட்சியரைப் புகழ்ந்ததும் இன்னொருவரைக் குறை சொன்னதும் அவசரம் என்று இப்போது தெளிவாகவே சொல்லலாம்.

அதே ஆய்வில் இன்னொரு விவரம். தொற்றியவரோடு ஒரே வண்டியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் நெருங்கி அமர்ந்து பயணித்தவர்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினருக்குத் தொற்று ஒட்டியது. அந்தப் பயணிகளின் எண்ணிக்கை சிறியதுதான், என்றாலும் காற்று வழிப் பரவலைப் பற்றி நாம் அறிந்ததோடு அது பொருந்திப்போகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடியின் வேலைகளைப் பார்க்கலாம். உப்பளத்தில் பாத்தி வரப்புகளில் பெண்கள் உப்பு சுமக்கும்போது ஆளுக்கு ஆள் இடைவெளி உண்டு, கடற்காற்று ஓயாது. அங்கே கிருமிக்கு வழி குறைவு. ஆனால் விடியுமுன் அவர்களை ஏற்றிவரும் வண்டியில் முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு கரை சேர்ந்ததும் மீன் ஏலத்துக்கு ஆட்கள் தோளோடு தோள் முட்டிச் சத்தமிடுவார்கள். திறந்த வெளி என்பது ஒன்றே அங்கே பாதுகாப்பு. பிடித்த இறாலையும் மீனையும் உரித்துப் பதப்படுத்தும் ஏற்றுமதிக் கூடங்களோ மூடிய, குளிரூட்டிய அறைகள். ஜெர்மனியில் கூட்டர்ஸ்லோ அருகே ஒரே இறைச்சிக் கூடத்தில் 2020 ஜூனில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்றியது இத்தகைய குளிர் அறையில்தான். கடற்கரை ஊர் என்ற ஒரே பெயருக்குள் இத்தனை விதமான காற்று இருக்கிறது. மாவட்டச் சராசரி இவற்றை எல்லாம் கலந்து ஒரே எண்ணாக்கிவிடுகிறது.

மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் எடுத்த ரத்த ஆய்வு இதைக் கூர்மையாகக் காட்டியது. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினருக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகியிருந்தது. அதே வார்டுகளின் மற்ற குடியிருப்புகளில் 16 விழுக்காடு. இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு தெருதான் இடைவெளி.

இப்போது எண்ணிக்கை. பரிசோதனை என்பது வலை. கண் பெரிதாக இருந்தால் கடலில் மீன் இல்லை என்று தோன்றும். தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 2020 அக்டோபர், நவம்பரில் மாவட்டங்கள்தோறும் 26,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. மாநில அளவில் 32 விழுக்காட்டை ஒட்டியவர்களுக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. அதாவது இரண்டு கோடிக்கும் மேல். நவம்பர் முடிவில் அரசின் அறிக்கையில் இருந்தது எட்டு லட்சத்துக்கும் குறைவு. நகர்ப்புறத்தில் 37, கிராமப்புறத்தில் 27 விழுக்காடு என்ற வேறுபாடு எதிர்பார்த்ததுதான். மாவட்ட வரிசைதான் திகைக்க வைத்தது. மிக அதிகம் பெரம்பலூர், 51 விழுக்காடு. மிகக் குறைவு நீலகிரி, 11 விழுக்காடு.

அன்றாட அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இது தலைகீழ். அந்த ஆண்டின் பிற்பகுதியில் பட்டியலின் கடைசி இடத்தில், மிகக் குறைந்த தொற்றோடு, எல்லோருக்கும் முன்மாதிரியாகத் தெரிந்த மாவட்டம் பெரம்பலூர். நவம்பர் முடிவில் அங்கே பதிவானவை இரண்டாயிரத்துச் சொச்சம்; நீலகிரியில் ஏழாயிரத்தை ஒட்டி. ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் உள்ள பெரம்பலூரில் பாதிப்பேருக்குத் தொற்று வந்து போயிருந்தால், நூறு பேருக்கு ஒருவர்கூடக் கணக்கில் ஏறவில்லை என்று ஆகிறது. ரத்த ஆய்வில் ஒரு மாவட்டத்துக்குச் சில நூறு மாதிரிகள்தான் என்பதால் இந்த விழுக்காடுகளில் முன்பின் இருக்கும். அதற்கு இடம் கொடுத்தாலும் வரிசை புரண்டதை மறுக்க முடியாது.

அடுத்த ஆண்டு இதே கதை மாநிலங்களுக்கிடையே நடந்தது. 2021 ஜூலை, ஆகஸ்டில் இந்தியாவின் அன்றாடத் தொற்றில் பாதி கேரளத்தில் பதிவானபோது, கேரளம் தோற்றுவிட்டது என்று நாடெங்கும் பேசினார்கள். ஐசிஎம்ஆர் அந்த ஜூன், ஜூலையில் எடுத்த நான்காவது ரத்த ஆய்வில் மத்தியப் பிரதேசத்தில் 79 விழுக்காடு, தமிழ்நாட்டில் 69, கேரளத்தில் 44. அறிக்கையில் மிக மோசமாகத் தெரிந்த மாநிலத்தில்தான் உண்மையில் மிகக் குறைவானவர்களுக்குத் தொற்றியிருந்தது. அவர்கள் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், எழுதினார்கள். தொற்று மெதுவாகப் பரவியதால் தடுப்பூசி வரும்வரை பலருக்கு அவகாசமும் கிடைத்தது. அதே நேரத்தில் தமிழ்நாட்டின் இன்னொரு ஆய்வில் விருதுநகர் 84, ஈரோடு 37. இரண்டாம் அலையின் முடிவில் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் தொற்று இறங்க மறுத்ததற்கும் இதில் விளக்கம் இருக்கிறது: முதலில் தப்பியவர்கள் அங்கேதான் அதிகம் மிஞ்சியிருந்தார்கள்.

தூத்துக்குடி, ராமநாதபுரம் கணக்கை இப்போது மறுபடி பார்க்கலாம். 2011 கணக்கில் தூத்துக்குடியின் மக்களில் பாதிப்பேர் நகரவாசிகள். ராமநாதபுரத்தில் மூன்றில் ஒருவர்கூட இல்லை. வித்தியாசத்தின் ஒரு பகுதி இதில் நியாயமாகவே அடங்கும். ஆனால் தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ராமநாதபுரத்துக்கு அது கிடைத்தது 2022 ஜனவரியில், இரண்டு பெரிய அலைகளும் ஓய்ந்த பிறகு. படுக்கை, பரிசோதனைக்கூடம், மருத்துவர் மூன்றும் அருகே இருக்கும் ஊரில் காய்ச்சல்காரர் சோதனைக்குப் போவார். தொண்டியிலோ ஏர்வாடியிலோ இருப்பவர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு படுத்துவிடுவார். நூற்றுக்கு நான்குக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இதற்கும் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

வெயில் கிருமியைக் கொல்லும் என்ற கொள்கை 2021 ஏப்ரல், மே மாதங்களில் செத்தது. ஆண்டின் கொடிய வெயிலில் டெல்டா வகை வந்து, மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. பிசிஜி தடுப்பூசி போட்ட நாடுகள் தப்பிக்கும் என்ற நம்பிக்கையை, ஆஸ்திரேலியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவப் பணியாளர்களிடம் செய்த பிரேஸ் சோதனை முடித்துவைத்தது. பிசிஜி கொரோனாவிலிருந்து காக்கவில்லை என்று அதன் முடிவு 2023-இல் வெளியானது. கருப்பட்டியைப் பற்றி யாரும் சோதனை செய்யவில்லை, செய்யத் தேவையும் இல்லை.

சோதனைக்குப் போனாலும் போகாவிட்டாலும் சாவை மறைப்பது கடினம். அதனால் பகுதிகளை ஒப்பிட நினைப்பவர்கள் தொற்றை விட்டுவிட்டு இறப்புப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். இந்தியா முழுக்கப் பதிவான இறப்புகள் 2019-இல் 76 லட்சம், 2020-இல் 81 லட்சம், 2021-இல் 102 லட்சம். 2021 முடிவுவரை அரசு கொரோனா இறப்பு என்று ஏற்றது நான்கு லட்சத்து எண்பதாயிரம் அளவில்தான். உலகச் சுகாதார நிறுவனம் 47 லட்சம் என்று மதிப்பிட்டதை மத்திய அரசு ஏற்கவில்லை. அந்த மதிப்பீட்டின் முறையோடு ஒருவர் வாதாடலாம். 2021-இல் முந்தைய ஆண்டைவிட 20 லட்சத்துக்கும் கூடுதலாகப் பதிவான மரணங்களோடு வாதாட முடியாது. பதிவு முழுமையடைந்து வருவது அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே விளக்கும்.

வகுக்கும் எண்ணும் பழையது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு அந்த ஆண்டு எடுக்கப்படவில்லை. நூற்றுக்கு இத்தனை, லட்சத்துக்கு இத்தனை என்று நாம் கொரோனாவைப் பற்றிப் பேசுவதெல்லாம், இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள கணக்கு உட்பட, 2011-இன் மக்களை வைத்துத்தான். திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில்; 2011 கணக்கில் அது தனி மாவட்டமே இல்லை. விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் சோதனையில் சிக்கியவர்களை மாநில அறிக்கை எந்த மாவட்டத்திலும் சேர்க்காமல் தனி வரிசையில் காட்டியது. இவை சிறிய விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் சின்ன மாவட்டங்களின் தரவரிசையை மாற்ற இவை போதும்.

அடுத்த நோய் எந்த வாசலில் வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1957-இல் ஆசிய இன்ஃபுளூயன்சா சிங்கப்பூரிலிருந்து ரஜூலா கப்பலில் சென்னைக்கு வந்தது, 2020-இல் கொரோனா தூத்துக்குடிக் கிராமங்களுக்கு மும்பையிலிருந்து வேனில் வந்தது. ஆனால் எண்ணும் முறையை இப்போதே சரி செய்யலாம். மாவட்ட நிர்வாகமும் பொதுச் சுகாதாரத் துறையும் அடுத்த முறை ஒரு மாவட்டத்தின் தொற்றை வெளியிடும் ஒவ்வொரு நாளும், அதே வரியில் அன்று அந்த மாவட்டத்தில் எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதையும், அந்த வாரம் பதிவான எல்லாக் காரண இறப்புகளையும் வெளியிட வேண்டும். துறைமுகத்திலும், திரேஸ்புரம் போன்ற நெருக்கமான கடற்கரைக் குடியிருப்புகளிலும் கழிவுநீர்ச் சோதனையை நோயில்லாத காலத்திலேயே தொடங்கி, விடாமல் நடத்த வேண்டும். பத்திரிகை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சோதனை எண்ணிக்கை இல்லாத தொற்றுப் பட்டியலை வைத்து எந்த ஊரையும் பாராட்டி எழுதாதீர்கள், எந்த ஊரையும் பழித்தும் எழுதாதீர்கள்.